துரோகம்: சான்று தேவை

நாள் 212, காலை 09:10
நிலவு நிலையம். ஆள்: நான் ஒருத்தி, திலகவேணி. வேலை: கணினிகளுக்கான உணர்ச்சி அகராதி. பழைய அகராதிகளில் துயரம் என்றால் துன்பம், துன்பம் என்றால் துயரம். இப்படிச் சுற்றிவிட்டால் கணினிக்கு என்ன புரியும்? எனவே எங்கள் விதி: ஒருவருக்கு உண்மையில் நடந்ததும் அப்போது துடித்த நாடியும்தான் பொருள். என் நாடியை மணிக்கட்டுப் பட்டை அனுப்புகிறது. இன்று 'சலிப்பு' முடிந்தது. இங்கே அதற்குப் பஞ்சமே இல்லை.

நாள் 219, காலை 10:00
பூமியிலிருந்து தலைமைப் பதிப்பாசிரியர் மாசிலாமணி பேசினார். பதினாறு வருடப் பழக்கம். விதியை இருவரும் சேர்ந்துதான் எழுதினோம்.
"வேணிம்மா, விண்கலம் 230ஆம் நாள் அங்க வந்துரும். 233ல உங்க சுடர்விழி கல்யாணத்துல நீங்க இருப்பீங்க. பொண்ணுக்கு வளையல்கூட வாங்கிட்டேன்."
துள்ளினேன். கூரை இடித்தது. 'மகிழ்ச்சி', நாடி 118. மகளுக்கும் சொல்லிவிட்டேன்: "அம்மா கண்டிப்பா வந்துருவேன்டி."

நாள் 226, மாலை 16:40
பெட்டி கட்டியாயிற்று. பிழை திருத்த 'த' வரிசைப் பக்கங்கள் வந்தன. அதில் நான் எழுதாத ஒரு சொல்.
துரோகம். சான்று: விண்கலம் அனுப்பப்படவில்லை என்று திலகவேணி அறிந்தபோது. நாள்: 230. நாடி: (காலியிடம்).
படித்து முடிப்பதற்குள் கை பழக்கதோஷத்தில் 'பிழையில்லை' என்று குறித்துவிட்டது.

நாள் 226, மாலை 18:05
மாசிலாமணியிடம் கேட்டேன். பதில்:
"அந்தப் பக்கம் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. உண்மையில நடந்தாத்தான் சான்றுன்னு சொன்னது நீங்கதானே? கல்யாணத்தை நான் முன்ன நின்னு நடத்தறேன்."
பாவி. என் வீட்டில் சாப்பிட்டவர். பட்டையைக் கழற்றிக் கழிவுக் குழாயில் போட்டேன். முன்பே தெரிந்துவிட்டதால் 230ஆம் நாள் சான்றும் செல்லாது. என் நாடி இனி யாருக்கும் கிடையாது.

நாள் 229, காலை 08:20
மகளுக்கு ஏழு செய்திகள் அனுப்பினேன்: வர முடியாது, ஏமாற்றிவிட்டார்கள், காத்திருக்காதே. எல்லாம் மாசிலாமணியின் மேசை வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றும் போகவில்லை.

நாள் 234, காலை 09:10
திருத்திய பக்கம் வந்தது.
துரோகம். சான்று: வருவேன் என்ற அம்மா வராமல் முகூர்த்தம் முடிந்தபோது, சுடர்விழிக்கு. நாள்: 233. நாடி: 141. கருவி: வளையல்.
கீழே என் ஒப்புதலுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். விதிப்படி இதில் பிழை இல்லை. சுடர், அம்மா பெட்டி கட்டித்தான் வைத்திருந்தேன், அம்மா