பின்னால் வரும் பஸ்

நவ. 10, திங்கள்

விடிய விடிய மழை. காலையில் தூறல் மட்டும்.

வீட்டுக்காரருக்கு மில்லில் இன்று முதல் காலை ஷிப்ட். இத்தனை நாள் என் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் விட்டுவிட்டுத்தான் இவர் வேலைக்குப் போவார். இனி நானே போக வேண்டும். கோச்சடையில் வீடு, பைபாஸ் ரோட்டில் லேப். நடக்கிறவர்களுக்குப் பக்கம்தான்.

நடைபாதை புதிது. பைக் ஏறக்கூடாது என்று அது தொடங்கும் இடத்தில் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். பைக் எப்படியோ ஏறிவிடுகிறது. என் நாற்காலிதான் நுழையவில்லை. கம்பமில்லாமல் ஏறுவதற்குச் சரிவு ஒரே இடத்தில், டிரான்ஸ்பார்மர் பக்கம். அதை அடைத்துக்கொண்டு பாண்டியம்மாவின் பணியாரத் தள்ளுவண்டி.

ஆக, ரோட்டில். பின்னால் என்ன வருகிறது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் சக்கரம் கோணும். ஹாரனை வைத்து பஸ்ஸா லாரியா என்று ஊகிக்கிறேன். தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம். முன்சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டது. பின்னால் பஸ். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக் சத்தம். முதுகில் இன்ஜின் சூடு.

யாரோ பைக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டார். டிரைவர் தலையை நீட்டி, "வீட்ல ஆளில்லையாம்மா? ஒத்தையில எதுக்கு ரோட்டுக்கு வாரே?"

லேபில் ரிப்போர்ட் டைப் செய்தேன். யாருக்கோ ஹீமோகுளோபின் 12க்குப் பதில் 21. நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பார்.

நவ. 11, செவ்வாய்

வெயில். தூக்கமில்லை. கண்ணை மூடினால் ஹாரன்.

பாண்டியம்மாவிடம் கேட்டே விட்டேன். "அக்கா, வண்டிய அங்கிட்டுத் தள்ளிப் போடுங்களேன். நான் மேல ஏறிக்கிறேன்."

"எங்கிட்டுத் தாயி தள்ள? இந்தப் பக்கம் கரண்டுப் பெட்டி, அந்தப் பக்கம் சாக்கடை. அடுப்பு எரியிது, இம்புட்டுப் பேரு நிக்கிறாங்க. நகட்ட முடியுமா?"

கோபமில்லை அவளுக்கு. இலையில் இரண்டு பணியாரம் வைத்து நீட்டினாள். பசி இருந்தது. வாங்கவில்லை.

மறுபடி ரோடு. ஒரு வேனின் கண்ணாடி நாற்காலிப் பிடியை உரசிக்கொண்டு போனது. கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

நவ. 12, புதன்

லீவு. வயிற்றுவலி என்று பொய்.

சாயங்காலம் இவர் சக்கரத்தில் காய்ந்த சேற்றைப் பார்த்துவிட்டார். பிடியில் வெள்ளைப் பெயிண்ட் உரசல்.

"என்னட்ட ஏன் மறைச்ச?"

"வேலைய விடச் சொல்லுவீங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போய் போட்டோ எடுத்து வந்தார். கம்பம், பள்ளம், பணியார வண்டி. மூன்றையும் மாநகராட்சிப் புகார் நம்பருக்கு அனுப்பினார், என் பெயரில்.

வண்டிப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பயம் வந்தால் அடுத்தவர் முகம் மறந்துவிடுகிறது.

வாங்க வேண்டியது: பால், சோடா உப்பு, இவருடைய மாத்திரை.

நவ. 14, வெள்ளி

நேற்றும் லீவு. இன்று போனபோது மாநகராட்சி லாரி நின்றது. தள்ளுவண்டியை நாலு பேர் தூக்குகிறார்கள். "அய்யா, அடுப்பையாச்சும் எறக்கிக்கிறேன்யா!" மாவு வாளி சரிந்து ரோடெல்லாம் வெள்ளை. கம்பம் அப்படியே. பள்ளம் அப்படியே.

பாண்டியம்மா என்னைப் பார்த்தாள்.

சரிவில் ஏறினேன். நடைபாதையில் முதல் தடவை. பின்னால் ஒரு வண்டியும் கிடையாது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நவ. 15, சனி

சரிவு முழுக்க பைக். செல்போன் கடைக்கு வந்தவர்கள். "ரெண்டே நிமிசம்க்கா, எடுத்துருவேன்."

எடுக்கவில்லை. ரோட்டில்தான் போனேன்.

கொஞ்சம் தள்ளி, ரோட்டோரத்திலேயே சாக்கு விரித்துப் பாண்டியம்மா. வீட்டில் சுட்டு எடுத்து வந்த பணியாரம், ஒரு அண்டாவில். வண்டிகள் அவள் முதுகை ஒட்டிப் போகின்றன. தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்தேன். பின்னால் பஸ், பக்கத்தில் அவள். எதற்கு அதிகம் பயந்தேன் என்று தெரியவில்லை.

நவ. 17, திங்கள்

மறுபடி மழை. மறுபடி பள்ளம் தெரியாத தண்ணீர். சாக்குக்கு நேராகப் போகும்போது குரல்.

"நீதான் எழுதிப் போட்டியாம்ல?"

நின்றேன். "ஆமாக்கா. கம்பம், பள்ளம் எல்லாஞ் சேத்துத்தான் சொன்னோம். உங்க வண்டிய மட்டும் தூக்கிட்டாங்க."

"அதத்தான தூக்க முடியும் அவுங்களால."

அப்போது பின்னால் பஸ். ஹாரன். கை சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. முன்னால் தண்ணீர், நகர முடியவில்லை. வாயில் செம்புக்காசுச் சுவை.

அவள் எழுந்தாள். கரண்டியோடு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"யோவ், கண்ணு தெரியல? ஆளு போகுதுல்ல! பொறு!"

பஸ் நின்றது.

"போ தாயி. திரும்பாத. பின்னாடி நான் பாத்துக்கிறேன்."

லேப் வாசல் வரை நடந்தே வந்தாள். வழியில், "பயமாருக்கா?"

"ஆமாக்கா."

"எனக்குந்தான். அங்கன உக்காந்தா முதுகு கூசிக்கிட்டே இருக்கு. வார பஸ்ஸெல்லாம் எம்மேலதான் ஏற வார மாதிரி." பிறகு, "உம்மேல உள்ள கோவம் போகல. சொல்லிட்டேன்."

"சரிக்கா."

நாளை இரண்டு பேரும் வார்டு ஆபீஸ் போகிறோம். கம்பத்தைத் தள்ளி நடவும், பள்ளத்தை மூடவும், அவள் வண்டியைத் திருப்பித் தந்து சரிவை விட்டுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கவும் கேட்க. இவர் லீவு போட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

ஆபீஸ் வாசலில் ஏழெட்டுப் படி, சரிவு கிடையாது என்றாள் பாண்டியம்மா.

"அதுக்கென்ன, கீழ நின்னு கூப்பிடுவோம். எறங்கி வரட்டும்," என்றேன்.

இப்போதே உள்ளங்கை வேர்க்கிறது.