வில்லுக்குளத்துப் பெட்டி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

ஜெர்மன்காரர் ஒருவர் வில்லுக்குளத்தில் என் பெட்டியைக் கண்டுபிடித்துப் படம் போட்டிருக்கிறார். குரங்கு கடித்ததில் மூடி இல்லை. உள்ளே பெயர் எழுதும் தாள் கூழாகிவிட்டது. நான் பெட்டியையா பார்த்தேன்? பின்னால் தெரிந்த வரம்பைப் பார்த்தேன். என் வரம்பு. புல் மூடிவிட்டது.

இந்த ஜியோகேச்சிங் விளையாட்டை நானே தேடிப் படித்தேன். ஒருவர் பெட்டியை ஒளித்து இடத்தைப் போனில் குறிக்க, ஊர் பேர் தெரியாதவர்கள் தேடிப் போய்ப் பெயர் எழுதுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். மூடிய தகரப் பெட்டி என்றால் இந்த ஊரில் குண்டென்று ஆமிக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார். அதனால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஐஸ்கிறீம் பெட்டி.

"எழுபத்து நாலு வயசில ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டோ அப்பா?" என்கிறாள் மகள் ஜெயரூபி. என் வயலை வேறு எப்படிப் பார்ப்பது?

பெப்ரவரி 12

விளையாட்டை நடத்துபவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் பெட்டியைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் போனில் பெட்டிக்குரிய பக்கத்தை மூடிவிடுவார்கள். மூடினால் ஒருவரும் போகமாட்டார்கள். படமும் வராது.

உள்ளே போக வாசலில் காசு கட்டி ரிக்கற் எடுக்க வேண்டும். சண்டைக்கு ஓடி நாங்கள் முகாமில் கிடந்த காலத்தில் குளத்தையும் வயல்களையும் சுற்றிக் கல் நட்டு, சரணாலயம் என்று எழுதி, வாசலில் ரிக்கற் கூண்டு ஒன்றும் வைத்தார்கள். வயலின் உறுதிப் பத்திரம் என் அலுமாரியில் கிடக்கிறது. ரிக்கற் எடுத்துப் போனால், அது என் காணி இல்லை என்று நானே சொன்னதாகும். வெளியார் எடுக்கட்டும். இந்த வீட்டார் எடுக்கக் கூடாது. ஜெயரூபிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 13

மழை. முழங்கால். மேல்மாடியிலிருந்து இறங்கவில்லை.

பெப்ரவரி 16

கிண்ணியாவிலிருந்து ஸெய்னுதீன் வந்தான். அவனுடைய வயலும் என் வயலுக்கு அடுத்து உள்ளேதான் கிடக்கிறது. பெட்டியை எனக்காகக் கொண்டுபோய் வைத்தவனும் அவன்தான். இந்த முறையும் நீ போ என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"ஏலாது அண்ணன். நீங்க வந்தா ஓட்டோவில கூட்டிட்டுப் போறன்."

"நான் ரிக்கற் எடுக்கமாட்டன் எண்டு தெரியும்தானே."

"நான் எடுத்து என்ட வயலப் பாத்திட்டு வாறன். நீங்க எடுக்காம என்னத்தப் பாத்தீங்க? வெள்ளைக்காரன்ட முதுகுக்குப் பின்னால ஒரு முழம் வரம்பு."

இனி இந்தப் பக்கம் வராதே என்றேன். படியிறங்கும்போது அவன் சிரித்தது கேட்டது.

பெப்ரவரி 22

ஜெயரூபிக்குச் சொல்லாமல் ஓட்டோ பிடித்து வாசல்வரை போனேன். கூண்டில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வயது போனவர்களுக்குக் காசில்லை ஐயா, சும்மா கிழித்துத் தருகிறேன் என்றார். சும்மா தந்தாலும் ரிக்கற் ரிக்கற்தான். உறுதியைக் காட்டினேன். மேலிடத்தில் கதைக்கச் சொன்னார். எத்தனை தரம் கதைத்தாயிற்று!

வெளியே மரக்குற்றியில் இருந்தேன். குளத்துக் காற்று வந்தது. குளம் தெரியவில்லை. வாசல் திறந்தபடிதான் கிடந்தது. அதுதான் எனக்குக் கொதி.

பெப்ரவரி 28

கடைசி நாள். பக்கம் போய்விட்டது என்றுதான் போனைத் திறந்தேன். புதுப் பதிவு ஒன்று. பெயர் — ஜெயரூபி. "புதுப் பெட்டி வைத்திருக்கிறேன். மூடி இறுக்கம். வரம்பு முழுக்க நடந்தேன். வடக்கு மூலையில் வாய்க்கால் தூர்ந்துவிட்டது." கீழே வரிசையாகப் படங்கள். வேலைக்குப் போகிறேன் என்றுதானே காலையில் வெளிக்கிட்டாள்?

ரிக்கற் எடுத்திருக்கிறாள். என்ட பிள்ளை. சொல்லச் சொல்லக் கேக்காமல் — எல்லாத்தையும் குடுத்திட்டு வந்திட்டாள்.

"எடுத்தனான்தான்" என்றாள் வந்ததும். "பக்கத்தை மூடினா இந்தக் கதிரையில இருந்து எதைப் பாப்பீங்கள்? சுவரையோ?"

பெட்டி திருத்தியாயிற்று என்று இன்றைக்குள் நான் போனில் அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் எடுத்த ரிக்கற்றை நானும் ஏற்றதாகும். விட்டுவிடத்தான் நினைத்தேன். படங்களை ஒருமுறை பார்த்துவிட்டு விடலாம் என்று —

மார்ச் 1

நேற்று அழுத்திவிட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 4

இன்னும் அவளோடு கதையில்லை. வாய்க்கால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூர்ந்தது மூலையில் இல்லை, மதகடியில். அவளுக்குத் திசை தெரியாது. கூட்டிப்போய்க் காட்ட யார் இருந்தார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

போனில் அந்தப் பக்கத்தில் பெட்டியின் உரிமையாளர் என்று ஒரு பெயர்தான் போடலாம். பெட்டி பழுதானால் போய்த் திருத்தக்கூடியவரின் பெயராக இருப்பதுதான் முறை. ஜெயரூபியின் பெயருக்கு மாற்றிவிட்டேன். நான் ரிக்கற் எடுக்கமாட்டேன். அதில் மாற்றமில்லை.

இனி யார் போனாலும் அறிவித்தல் அவளுக்குத்தான் வரும். பின்னேரம் சந்தைக்குப் போய் வந்தவள் செருப்பைக் கழற்றி முடிக்கவில்லை, கேட்டேன் — ஆரும் போனவையோ என்று.