ஏழரை அக்காவை நிறுத்திய மாதம்

மார்ச் 3

என் அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணைப் பரிசோதிக்கிறாய், உன் கண்ணையும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

என்ன இது, அம்மா போன் பண்ணாமல் கடிதம் போடுகிறாளே என்று நினைப்பாய். வீட்டுச் செலவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம் என்றிருக்கிறேன். போனைக் கையில் எடுத்தால் நாம் இரண்டு பேரும் லேசில் வைக்க மாட்டோம். பில் வருகிற அன்று உன் அப்பா முகத்தைப் பார்க்க முடிவதில்லை. இனி மாதம் ஒரு போன், மற்றபடி கடிதம். உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்தும் நாளாகிறது.

பயப்படாதே, கஷ்டம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து யோசித்தால்தான் எத்தனை வீண் செலவு என்று தெரிகிறது. பேப்பரை நிறுத்திவிட்டேன். அப்பா நூலகத்துக்குப் போய்ப் படிக்கிறார், அங்கே அரசியல் பேசிச் சண்டை போட ஆளும் கிடைக்கிறது. கேபிள் டிவி போயாச்சு. அப்பா அட்டைப்பெட்டிக் கம்பெனி வேலைக்கு நடந்தே போகிறார், கேட்டால் தொப்பை குறையட்டும் என்கிறார்.

ஏழரை அக்காவையும் நிறுத்திவிட்டேன். இரண்டு பேர் சாப்பிடுகிற பாத்திரத்துக்கு ஓர் ஆள் எதற்கு? அவளுக்கும் வயதாகிவிட்டது. மணி ஏழரை ஆனால் அப்பா பழக்கதோஷத்தில் போய்க் கதவைத் திறந்து வைக்கிறார். “ஏழரை விட்டா சந்தோஷப்படணும், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு” என்கிறார்.

இன்னொன்று. நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கம்மலைக் காணோம். தேடாத இடமில்லை. நீ வருத்தப்படாதே.

உன் அம்மா


மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கும் தொப்பை குறைந்த அப்பாவுக்கும்,

உன் கடிதத்தைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். இந்தக் காலத்தில் கடிதம் போடுகிற அம்மாவா என்று முதலாளியே வாங்கிப் பார்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அம்மா, ஏழரை அக்காவை நிறுத்த உனக்கு எப்படி மனசு வந்தது? பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது ஏழு முப்பத்தொன்றுக்கு வந்திருப்பாரா? நீ ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் எனக்குத் தலை பின்னி அனுப்பியவர் அவர்தான். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்கிற மாதிரி இறுக்கிப் பின்னுவார். டீச்சர் “ஏன் முறைக்கிற?” என்று கேட்பார். மிச்சத் துணியில் அவர் தைத்துக் கொடுத்த பர்ஸில்தான் இன்றைக்கும் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருக்கிறேன்.

கம்மல் எப்படிக் காணாமல் போகும்? குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாயே. வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள்? நன்றாக யோசித்துப் பார்.

பண முடை ஏதாவது உண்டா? மறைக்காமல் எழுது. என்னிடம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது.

உன் வாலு


மார்ச் 19

என் அன்பு வாலுக்கு,

முடையும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ மேல்படிப்புக்கு என்று சேர்த்து வைத்ததைத் தொடாதே.

யார் வந்து போனார்கள் என்று கேட்டிருந்தாய். நம் வீட்டுக்கு யார் வருகிறார்கள், நீயே சொல். நான் யார் பெயரையும் எடுக்கவில்லை. மூன்றாம் மாடி டீச்சரம்மா படியில் நிறுத்தி, “என்னங்க, ஏழரையை நிறுத்திட்டீங்களாமே?” என்று கேட்டார். கம்மல் காணோம் என்று மட்டும்தான் சொன்னேன். மிச்சத்தை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் கட்டடத்தில் அவள் வேலை பார்த்த மற்ற நாலு வீட்டிலும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நேற்று பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். பேச வந்த மாதிரி இருந்தது. நான் மருந்துக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடு. பழகியவர்களையும் நம்ப முடியாத காலமாக இருக்கிறது. நீ ஜாக்கிரதையாக இரு.

உன் அம்மா


மார்ச் 27

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதலில் நம்ப முடியவில்லை. அப்புறம், என் அம்மா ஒருவர் மேல் வீணாகப் பழி போடுகிறவள் இல்லையே என்று தோன்றியது. நீயே சந்தேகப்படுகிறாய் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவரைப் போய் அப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு உனக்கு எழுதினேனே. அந்தப் பர்ஸைக் கடைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

மனசு ஆறாமல் அவருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். “கேட்டிருந்தால் அம்மா கொடுத்திருப்பார்களே. எங்களுக்கு இப்படிச் செய்யலாமா? எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்று எழுதினேன். நீ சொல்லத் தயங்குவாய், அதனால்தான் நானே கேட்டேன். சரிதானே?

உன் வாலு


ஏப்ரல் 6

வாலு,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

கம்மலை யாரும் எடுக்கவில்லை. பிப்ரவரி மாத வாடகைக்காக நான்தான் விற்றேன்.

ஆறு மாதமாக அப்பாவுக்குக் கம்பெனியில் வாரம் மூன்று நாள்தான் வேலை. உனக்குத் தெரிந்தால் படிப்புக்கு வைத்திருப்பதை அனுப்பிவிடுவாய் என்று மறைத்தோம். கம்மலை விற்றதை அப்பாவிடமும் சொல்லவில்லை, காணோம் என்றேன். ஏழரையிடம் ஊருக்குப் போகிறோம், திரும்பி வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். எல்லாரிடமும் ஒவ்வொரு கதை.

படியில் டீச்சரம்மா கேட்டபோது “சம்பளம் கொடுக்க முடியல” என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மூன்று வார்த்தை தொண்டையை விட்டு வரவில்லை. “கம்மல் காணோம்” என்பது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் “ஓ...” என்று இழுத்தார். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அங்கேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் படியிறங்கி வந்துவிட்டேன். உனக்கு எழுதும்போதும் அதையேதான் செய்தேன்.

என் அம்மா பழி போட மாட்டாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. பதினோரு வருஷத்தில் அப்போதுதான் முதல் தடவையாகப் போகிறேன். அட்டையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அட்டைக்கு இவ்வளவு என்று கூலியாம். விரல் நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

“பொண்ணு லெட்டர் போட்டது பத்தலன்னு நீங்க நேர்லயே வந்துட்டீங்களா?” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த அட்டையை முடிக்கிற வரைக்கும் அவள் நிமிரவில்லை. அப்புறம் சொன்னாள்: “உங்க வீட்ல காசு இல்லன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பால் பாக்கெட் ஒண்ணாச்சு. முட்டை ஓடே கண்ணுல படல. குப்பையைக் கொட்டுறவ நான்தானே.”

“அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?” என்றேன்.

“கேட்டா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னுதான் கேக்கல.”

வாலு, எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவள் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

“அதெல்லாம் வேணாம். காசில்லன்னு சொல்லியிருந்தா வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதானே? இப்ப நான் எந்த வீட்டுக் கதவைத் தட்டுறது? வாங்க. அந்த நாலு வீட்டுக்கும் வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

முதல் வீட்டில் கதவு திறந்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கம்மல் கிடைச்சிடுச்சுங்க” என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அதைத்தான் தேடிப் பிடித்தது.

ஏழரை என் முகத்தைப் பார்த்தாள். “கிடைக்கலம்மா. என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க.”

சொன்னேன். “வித்துட்டேன். வாடகை கட்ட. இவளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமத்தான் நிறுத்தினேன். இவ எதையும் எடுக்கல.” நாலு கதவுக்கும் முன்னால் நின்று இதையே சொன்னேன். பழகினால் சுலபமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. கடைசியாக டீச்சரம்மா வீடு. அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “நீங்க போய் இப்படி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவளிடம், “நாளைலேர்ந்து வர்றியா?” என்று கேட்டார். “யோசிச்சுச் சொல்றேங்க” என்றாள் அவள். இரண்டு வீட்டில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் வேறு ஆள் வைத்தாகிவிட்டது.

திரும்பினால் படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முன்னால் போய் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்.

உனக்கு முன்னால் நல்லவளாக இருக்கத்தான் இவ்வளவும் செய்தேன் என்று எழுத நினைத்தேன். அதுவும் பொய். எல்லாருக்கும் முன்னால் வசதியானவளாக இருக்கத்தான் செய்தேன்.

பதில் போடுவாயா?

அம்மா


ஏப்ரல் 14

அம்மா,

பதில் போட இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன்.

கம்மல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. வாடகைக்காக விற்றேன் என்று எழுதியிருந்தால் நல்ல விலைக்குத்தானே விற்றாய் என்று கேட்டிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

நீ சொன்னது பொய்தான். ஆனால் அதை நம்பியது நான். தெருவில் போகிற யாரோ ஒருவரை இல்லை, எனக்குத் தலை பின்னி விட்டவரை, ஒரே ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் திருடி என்று முடிவு கட்டினேன். அதை எழுதி, மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பவும் செய்தேன். உன் மேல் கோபப்பட உட்காரும்போதெல்லாம் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது. கடையில் கண் பார்க்க வருகிறவர்கள் என் எதிரே உட்கார்ந்து நேராகப் பார்க்கும்போதே கூசுகிறது.

இந்த மாதத்திலிருந்து வாடகை நான் அனுப்புகிறேன். வேண்டாம் என்று எழுதாதே. மேல்படிப்பு ஒரு வருஷம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகிவிடாது. அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நேராக வீட்டுக்கு வர மாட்டேன். முதலில் ஏழரை அக்கா வீட்டுக்குப் போகிறேன். உள்ளே வா என்று சொல்வாரோ மாட்டாரோ தெரியாது. சொல்லாவிட்டால் வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன். நீ கூட வர வேண்டாம். முன்கூட்டியே போய் அவரிடம் எனக்காகப் பேசவும் வேண்டாம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வருவேன். எத்தனை மணி ஆகும் என்று சொல்ல முடியாது, எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்காதே. வந்து உன்னிடம் என்ன பேசுவேன் என்றும் தெரியவில்லை. ஒன்றும் பேசாமலே இருந்தாலும் இருப்பேன். ஆனாலும் வருவேன்.

உன் மகள்