துஷானி இறங்காத ஓட்டம்

பெர்ஹ்டெஸ்காடன், ஜேர்மனி
9 ஒக்டோபர் 2016

எடி லாரா,

இஞ்சை விளையாட்டுப் பள்ளி விடுதியிலை பின்னேரம் ஃபோனை வாங்கி வைக்கினம். அதாலை தான் கடிதம். தமிழிலை எழுதுறதுக்குக் காரணம், என்னோடை அறையிலை இருக்கிறவள் மேசையிலை கிடக்கிற எல்லாத்தையும் வாசிப்பாள். இதை வாசிக்கட்டும் பாப்பம்! ள, ழ பிழைச்சால் நீ சிரிக்கக் கூடாது.

காலமை பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு மலை. நானும் நீயும் ஸ்னோபோர்ட் பலகையிலை சறுக்கப் பழகின பனி மண்டபம் இதுக்கு முன்னாலை ஒரு குளிர்பெட்டி. முதல் நாள் மேலை நிண்டு பாத்தன், அடி தெரியேல்லை. பயிற்சியாளர் "நிண்டால் குளிரும், இறங்கு" எண்டார். இறங்கினன்.

அவர் உன்னையும் கேட்டவர். "தெரிவுப் போட்டியிலை உன்னைவிட வேகமா வந்த மற்றத் தமிழ்ப் பிள்ளை எங்கை?" எண்டு. உன்ரை அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததாலை நீ வரேல்லை எண்டு சொன்னன். அங்கிள் இப்ப எப்பிடி? கை அசையுதோ?

உன்ரை
துஷானி


ஹம்
30 ஒக்டோபர் 2016

அன்பான துஷா,

உன்ரை கடிதத்தை அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினன். கை இன்னும் அசையேல்லை. பேச்சுத் திரும்பியிட்டுது, அதாலை வீட்டிலை பழையபடி சண்டை. அம்மா வேலைக்குப் போனால் நான் தான் அவரோடை. அங்கை வரேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் கவலைப்படுறன் எண்டு நினையாதை. ஒருநாள் விட்டு ஒருநாள் தான்.

உன்ரை அப்பாவைத் தமிழ்க் கடையிலை கண்டன். ஆரோ "மகள் என்ன செய்யிறா?" எண்டு கேக்க, "மலைப்பக்கம் மேற்படிப்பு" எண்டார்! நான் மல்லிப் பைக்கற்றை உத்துப் பாத்துக்கொண்டு நிண்டன். உன்ரை அம்மாவுக்கு நீ விழுகிறதைவிட, பனி வெயில்லை கறுத்துப் போவாய் எண்டது தான் பெரிய யோசனை. கிறீம் பூசு.

அன்புடன்
லாரா


12 மார்ச் 2023

என்ரை லாரா,

நான் உலகச் சாம்பியன். எழுதிப் பாக்க வேணும் போலை இருந்தது.

ஃபோனிலை கத்தினது காணாது, ஒழுங்காச் சொல்லுறன். இறுதி ஓட்டம், ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துத் தடத்திலை ஒரே நேரம் இறங்கிறது. எனக்குச் சிவப்புத் தடம், மற்றவளுக்கு நீலம். பாதி வரைக்கும் அவள் தான் முன்னாலை. பிறகு ஒரு வளைவிலை அவளின்ரை பலகை வழுக்கினது சத்தத்திலையே தெரிஞ்சுது. நான் திரும்பேல்லை. திரும்பியிருந்தால் நானும் விழுந்திருப்பன். கோட்டைத் தாண்டித் திரையிலை என்ரை பேரைக் கண்ட பிறகு தான் மூச்சு வந்தது. தோள் எலும்பு முறிஞ்ச வருசம், நாலாம் இடம் வந்து கழிப்பறைக்குள்ளை இருந்து அழுத வருசம், எல்லாம் போச்சுது.

அப்பா முதல் தரம் போட்டி பாக்க வந்தவர். சுத்தி நிண்ட சனம் எல்லாம் கெதியா, கெதியா எண்டு கத்த, அவர் மட்டும் "மெல்ல வா பிள்ளை, மெல்ல!" எண்டு கத்தினவராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

நீயும் நிண்டிருக்க வேணும்.

துஷானி


ஹம்
2 ஏப்ரல் 2023

அன்பான சாம்பியன்,

வார்டிலை எல்லாரும் சேந்து பாத்தனாங்கள். என்ரை அவுஸ்பில்டுங், அந்த நேர்ஸ் படிப்பு, முடிஞ்சு, டோர்ட்மண்டிலை தலையிலை அடிபட்ட ஆக்களைப் பராமரிக்கிற அதே வார்டிலை வேலை நிரந்தரமாக்கிப் போட்டினம். நீ வெண்ட உடனை நான் அழ, ஒரு நோயாளி எனக்கு ரிஷ்யூ எடுத்துத் தந்தார்.

வீட்டை போற ரெயினிலை, அந்த இடத்திலை நானும் நிண்டிருக்கலாம் எண்டு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. உனக்கு ஒளிக்க விருப்பமில்லை, அதாலை எழுதுறன். ஒளிச்சால் தான் பெருக்கும்.

நல்லாச் சாப்பிடு. படத்திலை மெலிஞ்சு தெரியிறாய்.

லாரா


20 பெப்ரவரி 2025

லாரா,

டிசம்பரிலை விழுந்து எனக்கு மூளை குலுங்கினது உனக்குத் தெரியும். சுகம் எண்டு சொல்லித் திரும்பப் பயிற்சிக்கு விட்டவை. போன கிழமை மறுபடியும் விழுந்தன். பயிற்சி முடிஞ்சு தனிய இறங்கேக்கை. ஒருத்தரும் காணேல்லை. ஹெல்மெட் வெடிச்சிட்டுது, வேறை ஒண்டு மாத்தியிட்டன்.

அந்த நாளிலை இருந்து வெளிச்சம் கண்ணிலை குத்துது. ஃபோனைப் பாத்தால் சத்தி வருது, சாப்பிட்டது வெளியிலை வந்திடுது, அதாலை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். நேற்றுக் காலமை சப்பாத்து நாடா கட்டேக்கை, அடுத்தது என்ன செய்யிறது எண்டு மறந்து போச்சு. பயப்படாதை, கொஞ்ச நேரம் தான்.

உலகப் போட்டிக்கு முதல் எல்லாருக்கும் பரிசோதனை இருக்கு. சொல்லுகளைச் சொல்லித் திரும்பக் கேக்கிறது, கண்ணை மூடி ஒரு காலிலை நிக்கிறது. நீ இதை வார்டிலை செய்விக்கிறனி. எப்பிடிச் சமாளிக்கிறது எண்டு உனக்குத் தெரியும். எனக்கு எழுது. பட்டத்தை விட்டால் அடுத்ததுக்கு இன்னும் ரெண்டு வருசம்.

அம்மாவுக்கு மூச்சு விடாதை. உன்னட்டை மட்டும் தான் சொல்லுறன்.

துஷா


ஹம்
24 பெப்ரவரி 2025

துஷா,

உன்ரை கடிதத்தைக் குசினியிலை நிண்டபடி வாசிச்சன். ரெண்டாம் தரம் வாசிக்க முதல் கதிரையை இழுத்து இருக்க வேண்டியதாப் போச்சு. உனக்கு எடுத்துப் பாத்தன், ஃபோன் வேலை செய்யேல்லை. பிறகு உங்கடை அணி டொக்டருக்கு எடுத்தன். நீ விழுந்தது, சத்தி எடுக்கிறது, மறதி, எல்லாம் சொன்னன். "நீங்கள் ஆர்?" எண்டார். "சிநேகிதி" எண்டன்.

வார்டிலை நிலக்சன் எண்டு ஒருத்தன், எங்கடை வயசு. முதல் அடி ஆற முதல் ரெண்டாம் தரம் விழுந்தவன். தாய் சோறு தீத்திறா. அவன் அவவைப் பாத்து "நன்றி, நேர்ஸ்" எண்டுறான். நான் பக்கத்திலை தான் நிக்கிறன், துஷா.

நீ மன்னிக்காட்டிலும் பரவாயில்லை எண்டு எழுதப் போனன். அது பொய். நீ மன்னிக்காட்டில் நான் தாங்கமாட்டன்.

லாரா


27 மார்ச் 2025

லாரா,

என்னைப் போட்டியிலை இறக்கேல்லை. ஹோட்டல் அறையிலை யன்னலை மூடிக்கொண்டு கிடந்தன். வெளியிலை ஒலிபெருக்கியிலை வெண்டவளின்ரை பேர் கேட்டுது.

தலையைப் படம் எடுத்தவை. ஒண்டும் இல்லையாம். விளங்குதோ? ஒண்டும் இல்லை. படத்திலை எல்லாம் தெரியாது எண்டு டொக்டர் சொல்லுறார். நான் இறங்கியிருந்தால் வெண்டிருப்பனோ, செத்திருப்பனோ, இனி ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. இந்தக் கேள்வியோடை என்னை விட்டது நீ.

எரிச்சல் எண்டு நீயே ஒருக்கால் எழுதினனி. இனி எனக்கு எழுதாதை.

துஷானி


ஹம்
17 ஓகஸ்ட் 2025

துஷா,

எழுதாதை எண்டாய். இது ஒண்டு மட்டும்.

எரிச்சல் இருந்தது, ஓம். டொக்டருக்கு அந்த ஃபோனை எடுக்கேக்கையும் எனக்குள்ளை அது கிடந்ததோ எண்டு கன நாள் யோசிச்சன். தெரியேல்லை. கிடந்திருந்தாலும் எடுத்திருப்பன்.

லாரா


11 ஜனவரி 2026

லாரா,

உன்ரை கடிதம் அப்பவே வந்தது. பதில் எழுத மனம் வரேல்லை.

டொக்டர்மார் ஓம் எண்ட பிறகு டிசம்பரிலை திரும்பப் போட்டிக்கு வந்தன். தகுதி ஓட்டத்திலை மூண்டாவது. எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த ஓட்டத்துக்கு மேலை நிக்கேக்கை தடத்திலை நட்ட கொடியள் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. விழேல்லை, அடிபடேல்லை, சும்மா நிண்ட இடத்திலை. பக்கத்துத் தடத்திலை மற்றவள் ஆயத்தம். நான் பலகையைக் கழட்டிப் போட்டு, அங்கை நிண்ட நடுவரிட்டை "எனக்குக் கண் சரியில்லை, நான் இறங்கமாட்டன்" எண்டன். "நிச்சயமோ?" எண்டு கேட்டார். ஓம் எண்டன். கீழை வரேக்கை அழுகை வரும் எண்டு பாத்தன். பசி தான் வந்தது.

இனிப் போட்டி வேண்டாம் எண்டு டொக்டர் சொல்ல முதல் நானே சொல்லிப் போட்டன். வாற கிழமை பேப்பரிலை வரும்.

போன வருசம் நீ செய்தது சரியோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கோவம் இருக்கு. முந்தின மாதிரி இல்லை, ஆனா இருக்கு.

இப்ப அம்மா அப்பாவோடை, ஹம்மிலை தான் நிக்கிறன். 20ஆம் திகதி செவ்வாய்க்கிழமை டோர்ட்மண்டிலை நரம்பு டொக்டரைப் பாக்க டெர்மின் தந்திருக்கினம். கூட ஒராள் வர வேணுமாம். அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டுவா, அப்பா அழுவார். நீ வா. காலமை ரெயினிலை ஒண்டாப் போவம். கேள்வியளை நீ கேள். எனக்குக் கேக்கப் பயமா இருக்கு.

துஷா