மரத்துச் சர்க்கரை

ஜெர்சி சிட்டி
10.3.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. ஊரிலிருந்து வந்ததிலிருந்து அப்பா போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம்.

ஒன்றாம் தேதி குட்டி தென்றல் கேட்டாள் என்று மேப்பிள் பண்ணைக்குப் போனோம். மரத்துக்கு மரம், சாறு வடிய வாளி தொங்குகிறது. அப்பா ஒரு வாய் சாறு குடித்துவிட்டு, "நம்மூரு பனந்தெளுவாட்டவே இருக்குது அம்மிணி" என்று குதித்தார், உங்கள் மாப்பிள்ளையின் இறுக்கமான பூட்ஸோடு! காய்ச்சுகிற பாகைப் பார்த்ததும் பெரிய பாட்டிலாக வாங்க வைத்தார். "கருப்பட்டியாட்டத்தான். மரத்துச் சக்கரை சுகருக்கு ஒண்ணும் பண்ணாது" என்கிறார்.

இப்போது பாட்டில் பாதி காலி. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறார். நொண்டுகிறார், கேட்டால் குளிர் என்கிறார். பையில் ஒரு மாத்திரை அட்டைகூட இல்லை. டாக்டரிடம் கூப்பிட்டால், சுகர் கண்ட்ரோலில் இருப்பதாக நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தையே எடுத்துக் காட்டுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை
வான்மதி


கோபி
21.3.1998

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் நேற்று வந்தது. இரண்டு முறை போன் போட்டேன். அப்பாவே எடுத்து, "எல்லாம் சௌரியம், பில்லு ஏறுது" என்று வைத்துவிட்டார்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அவர் மாத்திரையை நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது. கருப்பட்டிக் காப்பியே போதும் என்றார். "அம்மிணிகிட்டச் சொன்னீன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிப்போடும். பேத்தியப் பாக்காமயே போயிருவன்" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சுகர் கண்ட்ரோலில் இருக்கிறது என்ற அந்தக் கடிதம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. படித்த கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. காலைப் பார், விரல் இடுக்கெல்லாம் பார்.

நஞ்சுண்டன்


ஜெர்சி சிட்டி
4.4.1998

அண்ணா,

உங்கள் கடிதம் வருவதற்கு ஐந்து நாள் முன்பே அப்பா பாத்ரூமில் விழுந்துவிட்டார். பூட்ஸ் கடித்த புண்ணைச் சாக்ஸுக்குள் மறைத்தே வைத்திருந்திருக்கிறார். வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

போன் செய்திருக்க வேண்டும். உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசிவிடுவேனோ என்று செய்யவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டேன். அப்புறம்தான் உறைத்தது: தினமும் தோசைக்கு அந்தப் பாகை ஊற்றியது என் கை.

இன்று ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது அப்பா காலைப் பார்த்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நஞ்சுண்டனுக்கு மட்டும் எளுதிப்போடாத அம்மிணி, பயந்துக்குவான்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வான்மதி