பன்னிரண்டாம் குழிக்குச் சாட்சி

மே 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நான் வேலை பார்க்கும் தீவனக் கடையில் கூட்டமில்லை. கிளப்பிலிருந்து சனிக்கிழமை கில்டாரனுக்குப் போகிறவர்களின் பட்டியல் வந்தது. கில்டாரன்! நாட்டின் பெரிய கோல்ஃப் போட்டிகள் நடக்கும் இடம். எங்கள் ஒன்பது குழி மைதானத்தில் பக்கத்து வயல் ஆடுகள் புகுந்து மேயும். அங்கே புல்லை நகவெட்டியால் வெட்டுவார்களோ என்னவோ.

பட்டியலைக் கீழே வரை படித்தேன். நான், கிளப் தலைவி ஃபிலோமினா, அசம்ப்டா. மூவரும் ஒரே குழு.

அசம்ப்டா. என் நாத்தனார். மூன்று வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

உடனே ஃபிலோமினாவுக்கு ஃபோன் போட்டேன். "குலுக்கல்ல வந்தது டிம்ப்னா, நான் என்ன பண்ண?" என்றாள். குலுக்கலாம்!

மே 15, புதன்

மலாக்கியிடம் சொன்னேன். தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன், பாவம். "மழை கொட்டணும்னு வேண்டிக்கோ" என்றான்.

மே 17, வெள்ளி

மட்டைகளைத் துடைத்து வைத்தாயிற்று. அந்தப் பழைய விஷயத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன். பெண்கள் கோப்பை, கடைசிக் குழி. என் பந்து உயரமான புல்லில் கிடந்தது. அடிக்க வசதியாக நான் அதைக் காலால் தள்ளிவிட்டேன் என்று அசம்ப்டா எல்லார் முன்னாலும் சொன்னாள். பார்த்தவர்கள் வேறு யாருமில்லை, கமிட்டி விட்டுவிட்டது. ஒரே ஒரு மட்டையடி வித்தியாசத்தில் அவளை ஜெயித்தேன். பொறாமை, வேறென்ன? என் கால் படவே இல்லை.

படவே இல்லை.

மே 18, சனி

வரிசையாகச் சொல்கிறேன்.

மழை இல்லை. ஏரி, ஆறு, நூறு வயசு மரங்கள், நடுவில் பழைய பிரபு வீட்டு மாளிகை. என் அழுக்குக் காலணியோடு அந்தப் புல்லை மிதிக்கவே கூச்சமாக இருந்தது. பதினொரு குழி வரை நானும் அசம்ப்டாவும் ஃபிலோமினா வழியாகத்தான் பேசினோம். "குழியில இருக்கற கொடியை எடுக்கச் சொல்லு." "எடுத்தாச்சுன்னு சொல்லு." ஃபிலோமினா கடைசியில், "என்னை என்ன தபால்காரின்னு நெனச்சீங்களா?" என்று கத்தினாள்.

பன்னிரண்டாவது குழி சின்னது. ஆனால் ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. முன்னால் போன கூட்டம் நகர்ந்துவிட்டதா என்று ஒருத்தி மேட்டில் ஏறிப் பார்த்துக் கையசைக்க வேண்டும். அசம்ப்டா ஏறினாள். கையசைத்தாள். நான் அடித்தேன். பந்து நேராக மேட்டைத் தாண்டிப் போயிற்று.

அசம்ப்டா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாள், தண்ணீரில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாங்கள் அங்கே போனபோது பந்தைக் காணோம். மணல் பள்ளத்தில் தேடினேன், புதரில் தேடினேன். அசம்ப்டா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு:

"குழிக்குள்ள பாருடி."

ஒரே அடியில் குழி! என் பந்து உள்ளே கிடந்தது. ஃபிலோமினா என்னைத் தூக்கிச் சுற்ற முயன்று இருவரும் விழுந்தோம்.

ஒரே அடியில் குழியில் போட்டவள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் மது வாங்கித்தர வேண்டும், அது வழக்கம். கோப்பைகள் நிரம்பும்போது எங்கள் கிளப் செயலாளர் கான்லெத் வாயைத் திறந்தான். "பந்து விழுந்ததை யாரு பாத்தா? டிம்ப்னாவோட பந்துக்குக் கால் முளைக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்." மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் பற்றி எரிந்தது.

அசம்ப்டா எழுந்தாள். "நான் பாத்தேன். ரெண்டு தடவை துள்ளி, நேரா உள்ள போச்சு. இவளைப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன், கான்லெத். நல்லதுன்னாலும் சரி, கெட்டதுன்னாலும் சரி."

உட்கார்ந்து சூப்பைக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மே 19, ஞாயிறு

பட்டது. கால் பட்டது மட்டுமில்லை, தள்ளினேன்.

மே 20, திங்கள்

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். வேலிச்செடியை வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் திரும்பி ஓடியிருப்பேன்.

"அன்னிக்கு நான்தான் தள்ளினேன்."

"தெரியும்."

"அரை அடி தூரம்தான்."

கத்தரியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ரெண்டு அடி."

"ஒண்ணு."

"டிம்ப்னா!"

"சரி, ஒண்ணரை."

"எனக்குக் கோப்பை போனது கூடப் பெரிசில்ல. மூணு வருஷமா ஊரே என்னைப் பொறாமைக்காரின்னு சொல்லுச்சு. நீயும் சேந்து சொன்ன." குரல் உடைந்தது. எனக்கும்தான். இரண்டு கிழவிகள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அழுதோம். பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "உள்ள வா, டீ போடறேன். கமிட்டிக்கு எப்பச் சொல்லப் போற?" என்றாள்.

"நாளைக்கே."

மே 23, வியாழன்

கோப்பை அவளுக்கு. எனக்கு நான்கு வாரத் தடை. கான்லெத் கடிதத்தைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை.

ஜூன் 1, சனி

விளையாடத்தான் தடை; நடக்க இல்லையே. அசம்ப்டாவின் மட்டை வண்டியை நான் தள்ளினேன். நான்காவது குழியில் பெரிய மட்டை வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, பந்து ஓடையில். நான் பேசியதால்தான் கை தவறியதாம்! காரில் ஏறியும் அதே சண்டை, எங்கள் சமையலறை வரைக்கும்.

மலாக்கி செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "நான் தோட்டத்துல இருக்கேன்" என்று வெளியே போனான். அசம்ப்டா அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஓடை எவ்வளவு அகலம் என்று எனக்குக் கை விரித்துக் காட்டினாள்.