டோப்பா ராஜாவின் கன்னத்து வெட்டு

அண்ணாத்தே,

முந்தாநாள் மத்தியானம் அண்ணி வந்தார். திருவேற்காட்டிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறி, வெயிலில் வந்திருந்தார். கையில் மஞ்சள் துணிப்பை. அதற்குள் உன் காசு ஆல்பம். என் கட்டிலில் வைத்து அதைப் பிரித்ததும் வாசனை வந்தது. பிளாஸ்டிக் உறை, நாப்தலின் உருண்டை, உன் விரலில் எப்போதும் இருக்கும் தைலம், மூன்றும் கலந்து அடித்தது. நீ போன நாளிலிருந்து உன் போட்டோவைப் பார்த்தும்கூட நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி எனக்கு இப்படித் தோன்றியதில்லை.

"தம்பி, பொண்ணு இத்தல்லாம் ஏலத்துல குடுத்துடலாம்ன்னுது. வெள்ளிக்கெயம ஏலக்காரங்க ஊட்டாண்ட வராங்களாம். அதுக்குள்ள நீ ஒருவாட்டி பாத்துடு. உங்கண்ணன் சொல்லிட்டுதான் போய்க்கீறாரு, அவன் கண்ணு படாம ஒரு காசும் ஊட்ட வுட்டுப் போவக்கூடாதுன்னு."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கரூர் ஆற்று மணலில் கிடைத்த செப்புக்காசுகள், ஓரம் தேய்ந்தவை, பாசி ஏறியவை, எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள். கடைசிப் பக்கத்தில், தனி உறையில் அந்த டோப்பா ராஜா காசு இருந்தது. அந்தப் பக்கம் வந்ததும் என் கை நின்றுவிட்டது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் திருநெல்வேலிக்காரி, புத்தகத்தில் இருக்கிற மாதிரிதான் எழுதுவாள். நம் பேச்சை மட்டும் நாம் பேசின மாதிரியே விடு என்று சொல்லியிருக்கிறேன். இதை உனக்குப் படித்துக் காட்ட யாரும் இல்லை. உயிரோடு இருக்கும்போது நீதான் எனக்குப் படித்துக் காட்டுவாய்.

நாம் கூடப் பிறந்தவர்கள் இல்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனி. நீ ஸ்டோர் கீப்பர், நான் பவுண்டரியில் மண் அச்சுப் பிடிக்கிறவன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தீப்பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். "இது எந்த ஊருன்னு சொல்லு பாக்கலாம்." எனக்கு என்ன தெரியும்? மூக்கு நீளமான ஒரு ஆள் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தான். "ரோமாபுரி, நைனா. மொளகு வாங்க கப்பல்ல வந்தவன் குட்த்துட்டுப் போன வெள்ளி. ரெண்டாயிரம் வருசம்." நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வார்த்தது இல்ல அண்ணாத்தே, அடிச்சது. மேல கீழ அச்சு வெச்சு சுத்தியால ஒரே போடு" என்றேன். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வைக்காகத்தான் இருபத்தைந்து வருஷம் உன் பின்னால் சுற்றினேன்.

நீ புத்தகம் வாங்கிப் படித்தாய். எந்த ராஜா, எந்த வருஷம், சுற்றி என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் உனக்குத் தெரியும். எனக்கு ராஜா பெயர் நிற்காது. ஆனால் ஒரு காசை ஒரு தடவை கையில் வாங்கிவிட்டால் அதன் கீறல், நெளிவு, ஓரத்துச் சொட்டை எதுவும் மறக்காது. நாலைந்து காசைத் துணிக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிப் பரீட்சை வைப்பாய். நான் தவறியதில்லை. "கண்ணு உன்னுது, வாயி என்னுது" என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். அது உண்மைதான்.

அந்த வெள்ளிக்காசுகள் சிலவற்றில் ராஜாவின் முகத்தில் உளியால் வெட்டியிருப்பார்கள். நம் பக்கத்து ஆள் எவனோ அந்தக் காலத்திலேயே வெட்டியது. உள்ளே வெள்ளியா செம்பா என்று பார்க்க வெட்டினான் என்பாய் நீ. "வட்டிக்காரன் கோவத்துல கீசியிருப்பான்" என்பேன் நான். வெட்டு விழுந்த காசு மற்றவர்களுக்கு மட்டம். உனக்கு அதுதான் உசத்தி. ராஜா அங்கே செய்தது, வெட்டு இங்கே செய்தது, இரண்டு ஊரும் ஒரே காசில் இருக்கிறது என்பாய்.

அந்த டோப்பா ராஜாவை முதலில் பார்த்தது எழும்பூர்ப் பக்கம் ஒரு ஓட்டல் மாடி ஹாலில். ஏலத்துக்கு முதல் நாள் காசுகளைத் தட்டில் அடுக்கிப் பார்வைக்கு வைப்பார்கள். நாம் அண்ணனூரில் ரயிலேறிப் போவோம். மூன்று மாதம்தான் ஆண்டானாம், அதற்குள் அடித்த காசு கொஞ்சம், நம் பக்கம் வந்தது அதைவிடக் கொஞ்சம். தலையில் சுருள் சுருளாக டோப்பா, பொய் முடி. அவன் பெயர் கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்கும், அதை நம் ஏரியாவில் சத்தமாகச் சொன்னால் அடிதடி ஆகிவிடும் என்று நீ சொல்லிச் சிரித்தாய், அதனால் டோப்பா ராஜா என்றே வைத்துக்கொண்டோம். காது மடலில் ஆரம்பித்து மூக்குக்கு முன்னால் நிற்கும் ஒரு வெட்டு. வெட்டு முடியும் இடத்தில் மயிரிழை போல வெள்ளி சுருண்டு நின்றது. மறுநாள் ஏலத்தில் அது நம் கைக்கு எட்டாமல் எங்கேயோ போய்விட்டது. திரும்பும்போது ஆவடி தாண்டிப் போய்விட்டோம், நீ அண்ணனூரில் இறங்க மறந்துவிட்டாய்.

நான்கு வருஷம் கழித்து ஏலப் புத்தகம் தபாலில் வந்தது. அதில் அவன் படம். "வந்துட்டான் நைனா! திரும்பி வந்துட்டான்!" என்று பிள்ளை போலக் குதித்தாய். அந்த வாரமே, இத்தனை வருஷம் சேர்த்த பதினொரு வெள்ளிக்காசையும் ஒருவரிடம் விற்றுவிட்டாய், இந்த ஒன்றை வாங்க. எனக்குத் தெரிவதற்கு முன்பே கொடுத்துவிட்டாய். பதினொன்றும் என் கை பட்டு வந்தவை. எனக்கு அப்போதே கொஞ்சம் குத்தியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நமக்குள் ஒரு வழக்கம் இருந்தது, வேறு யாருக்கும் தெரியாது. பார்வை நாளில் காசை நீ என் கையில் வைப்பாய். போலி என்றால் நான் மெதுவாக "வார்ப்பு" என்று சொல்லித் தட்டில் வைத்துவிடுவேன். அசல் என்றால் ஒன்றும் பேசாமல் உன் கையிலேயே திருப்பி வைப்பேன். ஹாலில் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள், நல்ல காசை நல்லது என்று சொன்னால் போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்று நீதான் அப்படி ஏற்பாடு செய்தாய்.

டோப்பா ராஜா திரும்பி வந்த பார்வை நாளன்று அதே ஹாலில் உனக்குத் தெரிந்த பெரிய சேகரிப்பாளர் ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. என்னைக் காட்டி, "இவரும் காயின் கலெக்டரா சார்?" என்று உன்னிடம் கேட்டார். நீ சிரித்தாய். "இவனா? கைநாட்டு சார். பை தூக்க வருவான்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதே சிரிப்போடு திரும்பி டோப்பா ராஜாவை என் உள்ளங்கையில் வைத்தாய்.

நமக்குள் நீ ஆயிரம் தடவை கைநாட்டு என்று கூப்பிட்டிருக்கிறாய். நானும் பதிலுக்கு உன் வழுக்கையைச் சொல்லியிருக்கிறேன். அது வேறு. அன்றைக்கு என் காது சூடாகிவிட்டது.

காசைப் பார்த்தேன். அதே வெட்டு. காது மடலில் ஆரம்பித்து மூக்குக்கு முன்னால் நின்றது. ஆனால் முடிவில் சுருண்டு நின்ற இழை இங்கே மழுங்கி, மெழுகு உருகிய மாதிரி உருண்டிருந்தது. வெட்டின் உதடு கூர்மையாக இல்லை. உள்ளே ஊசிக்குத்துப் போலப் பொடிப்பொடிப் பள்ளம். முப்பது வருஷம் மண் அச்சில் உலோகம் ஊற்றியவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அச்சில் நூறு காசு அடிக்கலாம். உளியால் வெட்டிய ஒரே வெட்டு இரண்டு காசில் விழாது. இது அந்த அசலை வைத்து அச்சு எடுத்து வார்த்தது.

ஒரு சொல். சொல்லியிருக்கலாம். நான் ஒன்றும் பேசாமல் காசை உன் உள்ளங்கையில் திருப்பி வைத்தேன். நீ விரல்களை மூடிக்கொண்டாய்.

ரயிலில் சொல்லலாம் என்று நினைத்தேன். அம்பத்தூர் தாண்டும் வரை நீ வாய் மூடவில்லை. வேர்க்கடலை வாங்கிப் பாதியை என் சட்டைப் பையில் கொட்டினாய். மறுநாள் ஏலத்தில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ நம்பர் அட்டையைத் தூக்கினாய், இறக்கினாய், மறுபடி தூக்கினாய். உன் முழங்கையைப் பிடித்திருந்தால் போதும். அந்தப் பெரிய மனிதர் ஒரு தடவைகூட அட்டையைத் தொடவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். படித்தவர்களிலும் கண் உள்ளவர்கள் உண்டு. சுத்தியல் விழுந்தது. நீ என் தொடையில் ஓங்கி அறைந்து, "நம்பளுது!" என்றாய்.

அப்புறம் அதை யாருக்குத்தான் நீ காட்டவில்லை? பால்காரருக்குக் காட்டினாய், கேபிள்காரருக்குக் காட்டினாய். ஒவ்வொரு தடவையும், "மொதல்ல இவன் கண்ணுதான் சரின்னுச்சு" என்று என்னைக் கை காட்டுவாய். நான் தரையைப் பார்ப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டாய்.

உனக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் துணிந்தேன். "அண்ணாத்தே, அந்த டோப்பா ராஜா இருக்கானே..." என்று ஆரம்பித்தேன். நீ மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "இன்னா, உனுக்கு வோணுமா? வெச்சுக்கோயேன். உன்ன வுட்டா வேற யாருக்குத் தெரியும் அதோட அருமை?" வாயை மூடிக்கொண்டேன். உன்னை நிம்மதியாக அனுப்பவேண்டும் என்பதற்காக என்று வெளியே வந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். திட்டு வாங்கப் பயந்தேன், அவ்வளவுதான்.

முந்தாநாளுக்கு வருகிறேன். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த உறையை அவரே பிரித்து, காசை என் உள்ளங்கையில் வைத்தார். நீ வைக்கிற மாதிரியே வைத்தார். இத்தனை வருஷம் பார்த்துப் பழகியிருக்கிறார். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்திருந்தால் வெள்ளிக்கிழமை அது ஏலத்துக்குப் போயிருக்கும். யாரோ ஒருவர் தன் பதினொரு காசை விற்று அதை வாங்கியிருப்பார்.

"வார்ப்பு" என்றேன்.

"வார்ப்புன்னா?"

"அசல் இல்ல அண்ணி. அசல வெச்சு அச்செட்த்து, வெள்ளி ஊத்தினது."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உனுக்கு?"

"வாங்கறதுக்கு மொத நாளே தெரியும்."

மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டாள்.

"ஏன் சொல்லல தம்பி?"

"நாலு பேரு முன்னாடி என்னக் கைநாட்டுன்னு சொல்லிட்டாரு அண்ணி."

அண்ணி என்னையே பார்த்தார். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது.

"என்னையும் அப்டித்தான் சொல்வாரு. கண்ணாலம் ஆன நாள்லேந்து. சம்பந்திங்க முன்னாடி சொல்லிக்கீறாரு, மாப்புள முன்னாடி சொல்லிக்கீறாரு. நானும் கைநாட்டுதானே. அதுக்கின்னு ஒரு நாளு அவரு சோத்துல கல்லப் போட்டுக் குட்த்தேனா?"

காசோடு கையை அவர் பக்கம் நீட்டினேன்.

காசை என் கையிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "இது ஏலத்துக்குப் போவாது. பொண்ணாண்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஆல்பத்தைப் பையில் போட்டார். காப்பியைத் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் என் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் "வரேன் தம்பி" என்பார். முந்தாநாள் "போறேன்" என்றார்.

மருமகள் எழுதுவதை நிறுத்தி, "மாமா, இதையும் எழுதணுமா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

நீ சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு சொல்லை நான் பெரிதாகப் பிடித்துக்கொண்டேன். நீ என்னை நம்பி நீட்டிய கையை எப்படி அவ்வளவு சின்னதாக நினைத்தேன் என்றுதான் தெரியவில்லை. நீ திட்டியிருப்பாய். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்றதுக்கின்னா, சாவுகிராக்கி" என்றிருப்பாய். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றிருப்பாய்.

எனக்கு ஞாபகம் ஜாஸ்தி என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். கண்ணை மூடினால் நீ கொடுத்துவிட்ட பதினொரு காசும் வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றின் கீறலோடும். அதற்கப்புறம் டோப்பா ராஜாவை வாங்கிக்கொண்ட உன் உள்ளங்கை வருகிறது. முதலில் சுண்டுவிரல் மடங்குகிறது, பிறகு மற்றவை.

அது வார்ப்பு, அண்ணாத்தே. சொல்லிவிட்டேன், மருமகளும் எழுதிவிட்டாள். உன் கை மட்டும் இன்னும் மூடிக்கொண்டுதான் இருக்கிறது.